மருந்து போட்டும் 2 வயதுக் குழந்தைக்குச் சொறிசிரங்கு திரும்பத் திரும்ப வருகிறதே, என்ன செய்வது?

நான் மருத்துவர் இல்லை. இதே கேள்வியோடு மூன்று மாதம் தூக்கமில்லாமல் திரிந்த அம்மா. அதனால் முதலில் ஒன்று கேட்கிறேன்: மருந்து போட்டது குழந்தைக்கு மட்டுமா, வீட்டில் எல்லோருக்குமா?

நாங்கள் குழந்தைக்கு மட்டும் போட்டோம். அங்கேதான் கோட்டை விட்டோம்.

மகளுக்கு அப்போது இரண்டரை வயது. சித்திரை வெயில். கழுத்திலும் அக்குளிலும் பொரிப்பொரியாக வந்ததும் வேர்க்குரு என்று பவுடரைக் கொட்டினோம். பகலெல்லாம் நன்றாக விளையாடுவாள். இரவு படுத்து அரை மணி நேரம் ஆனதும் வறட் வறட்டென்று சொறியும் சத்தம் கேட்கும். மருந்துக்கடையில் சொல்லி ஒரு ட்யூப் வாங்கினோம். இரண்டே நாளில் அடங்கிவிட்டது. நிறுத்தியதும் இரண்டு மடங்காகக் கிளம்பியது. அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தது பிறகுதான் தெரிந்தது. ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் அமுக்குமே தவிர, சொறிசிரங்கை உண்டாக்குகிற பூச்சியைக் கொல்லாது. போதாக்குறைக்கு, என்ன நோய் என்றே கண்டுபிடிக்க முடியாதபடி தோலின் தோற்றத்தை மாற்றிவிடும். கடையில் கேட்டு ட்யூப் வாங்குவதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

தோல் மருத்துவர் லென்ஸ் வைத்து அவள் விரலிடுக்கைக் காட்டினார். பென்சிலால் லேசாகக் கிறுக்கியது போல் ஒரு சின்னச் சாம்பல் கோடு. பெண் பூச்சி தோலுக்குள் வளை தோண்டிக்கொண்டு போன தடமாம். பூச்சி அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. தினமும் இரண்டு மூன்று முட்டை வைக்கும், மூன்று நான்கு நாளில் பொரித்துவிடும். ஆனால் சாதாரணமாக ஒருவர் உடம்பில் மொத்தமே 10, 15 பூச்சிகள்தான் இருக்கும். அதற்கா இத்தனை அரிப்பு என்று கேட்டேன். பூச்சியும் அதன் கழிவும் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாததால் வருகிற அரிப்பு அது. அந்த ஒவ்வாமை உருவாக நேரம் பிடிக்கும். முதல் தடவை தொற்றுகிறவருக்கு அரிப்பு தொடங்கவே 2 முதல் 6 வாரம் ஆகலாம். அதுவரை அவர் சும்மா இருப்பார், பூச்சி மட்டும் பரவிக்கொண்டே இருக்கும்.

எங்கள் வீட்டில் அந்த 'அவர்' என் மாமியார். "எனக்கு ஒண்ணும் அரிக்கலையே, நான் எதுக்குப் பூசணும்?" என்றார். மகள் மதியத் தூக்கம் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டுதான். சரி, குழந்தைக்கு முதலில் குணமாகட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். நாலாவது வாரம் அவளுக்கு மறுபடி ஆரம்பித்தது. அத்தையும் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

இன்னொரு காரணமும் உண்டு, அதைச் சொல்லத்தான் கூச்சம். அழுக்கு வீட்டில்தான் சிரங்கு வரும் என்று ஒரு பேச்சு இருக்கிறதே, அதற்குப் பயந்து நாத்தனாரிடம் மூச்சுவிடவில்லை. லீவுக்கு வந்த அவர் பிள்ளைகள் என் மகளோடு ஒரே பாயில் படுத்திருந்தார்கள். உண்மையில் தினம் இரண்டு வேளை குளித்தாலும் இந்தப் பூச்சி போகாது. தோலோடு தோல் வெகுநேரம் ஒட்டியிருந்தால் போதும், பரவிவிடும். குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுகிற, சேர்ந்து தூங்குகிற எந்த வீட்டுக்கும் வரும். உலக சுகாதார நிறுவனமே 2017-இல் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. கடைசியில் நாத்தனாருக்குப் போன் செய்தேன். "அண்ணி, ரெண்டு வாரமா நாங்களும் சொறிஞ்சுக்கிட்டுத்தான் இருக்கோம்" என்று சிரித்தார்.

பிறகு ஒரு சனிக்கிழமை இரவு, இரண்டு வீட்டிலும் ஒரே நேரத்தில் போட்டோம். 5 சதவீத பெர்மெத்ரின் க்ரீம். பெரியவர் ஒருவருக்குக் கிட்டத்தட்ட 30 கிராம் வேண்டும். அரிக்கிற இடத்தில் மட்டும் தொட்டு வைத்தால் பயனில்லை. கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, விரலிடுக்கு, தொப்புள், இடுப்பு மடிப்பு, நகத்தின் அடி என்று ஓர் இடம் விடாமல் பூச வேண்டும். உங்கள் குழந்தை வயதில் தலை, நெற்றி, காதின் பின்புறமும் சேர்த்துப் பூசச் சொல்வார்கள், கண்ணையும் வாயையும் விட்டுவிட்டு. குழந்தைக்கு எவ்வளவு, எங்கெங்கே என்று உங்கள் மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு மாதம் ஆகாத கைக்குழந்தை வீட்டில் இருந்தால் அதற்கு வேறு மருந்து. கர்ப்பிணி இருந்தாலும் முன்பே சொல்லிவிடுங்கள்.

மகள் கட்டைவிரல் சூப்புகிறவள். என் கணவரின் பழைய சாக்ஸை முழங்கை வரை இழுத்து மாட்டிவிட்டேன். இரவு முழுக்க அதோடு தூங்கினாள். பெரியவர்கள் ஆளுக்கொரு மூலையில் வழவழவென்று உட்கார்ந்திருந்தோம். நடுவில் யாராவது கை கழுவினால் அந்தக் கைக்கு மறுபடி பூச வேண்டும். அத்தை மூன்று தடவை கழுவினார்! காலையில் எல்லோரும் குளித்தோம். சரியாக ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை போட்டோம். முதல் தடவை தப்பிய முட்டைகள் அதற்குள் பொரித்திருக்கும், அவற்றுக்காக.

துணி விஷயத்தில் நான் கொஞ்சம் பைத்தியமாகவே ஆனேன், அவ்வளவு தேவையில்லை. உடம்பை விட்டு வந்தால் பூச்சி இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. கடைசி மூன்று நாளில் உடுத்தியது, விரித்தது, துவட்டியது எல்லாவற்றையும் நல்ல வெந்நீரில் துவைத்துக் காயப்போட்டால் போதும். துவைக்க முடியாத பொம்மையையும் தலையணையையும் பாலிதீன் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் பரணில் போட்டோம். வீடெல்லாம் பூச்சிமருந்து அடிக்காதீர்கள்.

வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசச் சொல்லி உங்களுக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள். நாங்களும் பூசினோம். சொறிந்து ரணமான தோலில் பட்டதும் பிள்ளை போட்ட அலறலில் அடுத்த வீட்டிலிருந்து ஓடி வந்தார்கள். பூச்சி போகவில்லை.

எனக்கு யாரும் சரியாகச் சொல்லாத ஒன்று: பூச்சி செத்த பிறகும் அரிப்பு இரண்டு முதல் நான்கு வாரம் இருக்கும். இது தெரியாமல் பத்தாம் நாளே மருந்து வேலை செய்யவில்லை என்று நானாக இன்னொரு தடவை பூசி, அவள் தோல் வறண்டு எரிந்ததுதான் மிச்சம். அரிப்புக்குத் தனியாக மருந்து எழுதித் தருவார்கள். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். நான்கு வாரம் தாண்டியும் புதுப் பொரி வந்தால் மறுபடி காட்டுங்கள். சீழ் கோத்தாலோ, மஞ்சளாகப் பொருக்குத் தட்டினாலோ, காய்ச்சல் வந்தாலோ காத்திருக்க வேண்டாம். முகம் வீங்கினாலோ, சிறுநீர் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் போனாலோ அன்றைக்கே போய்விடுங்கள். சிரங்குப் புண்ணில் கிருமி ஏறினால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம்.

மகளின் விளையாட்டுப் பள்ளியிலும் சொல்லிவிட்டேன். ஒதுக்கிவிடுவார்களோ என்று பயம்தான். மறுநாள் அங்கே இன்னொரு பையனின் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு மகனின் கையை நீட்டச் சொன்னார். விரலிடுக்கில் அதே சாம்பல் கோடு. ஒரு மாதமாகப் பவுடர்தான் போட்டுக்கொண்டிருந்தாராம்.