விரல்ரேகை ரிப்போர்ட்டும் உங்கள் மகளின் கணக்கு நோட்டும்

வணக்கம் அம்மா,

உங்கள் கடிதமும் அந்த ரிப்போர்ட்டின் நகலும் கிடைத்தன. பள்ளியில் நடந்த முகாமில் பத்து விரல்களையும் ஸ்கேன் செய்திருக்கிறார்கள். ‘கணக்கு, தர்க்கத் திறன் 8.4 சதவீதம், தன்னை உணரும் திறன் 16.1 சதவீதம், உளவியல் பொருந்தும், கணக்கு சார்ந்த துறைகளைத் தவிர்க்கலாம்’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து மகள் கணக்கு நோட்டைத் தொடுவதில்லை, கேட்டால் “எனக்கு வராதுன்னு ரிப்போர்ட்டிலேயே போட்டிருக்கே” என்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். பிளஸ் ஒன் பாதியில் குரூப்பை மாற்றிவிடலாமா என்பது உங்கள் கேள்வி.

வேண்டாம். அந்த ரிப்போர்ட்டை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். காரணத்தைச் சொல்கிறேன். மகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படியுங்கள். உளவியல்தான் படிப்பேன் என்கிறாளே, அந்தப் படிப்பில் அவள் செய்யப்போகும் வேலையே இதுதான்.

டி.எம்.ஐ.டி. (டெர்மடோகிளிஃபிக்ஸ் மல்டிபிள் இன்டெலிஜென்ஸ் டெஸ்ட்) என்று இதற்குப் பெயர், அதாவது விரல்ரேகையை வைத்துப் பலவகை அறிவுத்திறன்களைச் சொல்வதாகக் கூறும் சோதனை. விற்பவர்கள் முதலில் சொல்வது ஓர் உண்மை: கருவில் தோலும் மூளையும் ஒரே புற அடுக்கிலிருந்து உருவாகின்றன. சரி. பல்லின் எனாமலும் தலைமுடியும் நகமும்கூட அதே அடுக்கிலிருந்துதான் வருகின்றன. முடியைப் பார்த்துக் கணக்கு வருமா என்று யாரும் சொல்வதில்லையே. டவுன் சின்ட்ரோம் உள்ள குழந்தைகள் பலருக்கு உள்ளங்கைக் கோடு வேறு மாதிரி இருக்கும் என்பதையும் சொல்வார்கள். அதுவும் உண்மை. ஆனால் அந்தக் கோடு எந்தக் குறையும் இல்லாதவர்களிடமும் உண்டு. மருத்துவர்கள் அதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்வதில்லை. இப்படி இரண்டு உண்மைகளைச் சொல்லிவிட்டு, மூன்றாவதாக ‘ஆகவே ரேகையில் அறிவு தெரியும்’ என்று ஒரே தாவலாகத் தாவிவிடுகிறார்கள். அந்தத் தாவலுக்கு ஆதாரம் இல்லை. இந்திய மனநல மருத்துவர்கள் சங்கமே இதற்கு அறிவியல் அடிப்படை கிடையாது என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது.

‘எத்தனை முறை எடுத்தாலும் ஒரே முடிவுதான் வரும்’ என்று பெருமையாகப் போட்டிருக்கிறார்கள், கவனித்தீர்களா? ரேகை கருவின் மூன்றாம் மாதத்தில் உருவாகத் தொடங்கி ஆறாம் மாதத்துக்குள் நிலைத்துவிடும். மாறாத ஒன்றை அளந்தால் மாறாத விடைதான் வரும். அது சரியான விடையா என்பது வேறு கேள்வி. உயரத்தை எத்தனை தடவை அளந்தாலும் ஒரே அளவுதான் வரும், அதற்காக அதிலிருந்து ரத்த அழுத்தம் தெரிந்துவிடுமா? ஒரு தேர்வு ஒரே விடையைத் தருகிறதா என்று பார்ப்பதை நம்பகத்தன்மை என்றும், அளப்பதாகச் சொன்னதைத்தான் அளக்கிறதா என்று பார்ப்பதை ஏற்புடைமை என்றும் உளவியலில் பிரித்துச் சொல்வார்கள். இரண்டும் இருக்க வேண்டும்.

அடுத்து அந்த 8.4. எதில் 8.4? ரிப்போர்ட்டில் உள்ள எட்டுத் திறன்களின் சதவீதங்களையும் மகளைக் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நான் கூட்டினேன், சரியாக 100 வருகிறது. அதாவது ஒன்று ஏறினால் இன்னொன்று இறங்கியே ஆக வேண்டும். எட்டிலும் ஒரே அளவு கெட்டிக்காரக் குழந்தைக்கும் எல்லாவற்றுக்கும் 12.5 வரும், எட்டிலும் ஒரே அளவு தடுமாறும் குழந்தைக்கும் அதே 12.5 வரும். மற்ற பிள்ளைகளோடு ஒப்பிட்டால் உங்கள் மகள் கணக்கில் எங்கே நிற்கிறாள் என்பதை இந்த எண் சொல்லவே இல்லை. இந்த ஒரு எண்ணுக்காக ஒரு பெண் கணக்கை மூடி வைத்திருக்கிறாள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

‘ஆனால் அவள் குணத்தைப் பற்றி எழுதியது அப்படியே பொருந்துகிறதே சார்’ என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. 1948இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஓர் ஆளுமைத் தேர்வு வைத்தார். பிறகு ஆளுக்கொரு குணக்குறிப்பைக் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. உண்மையில் எல்லாருக்கும் அவர் கொடுத்தது ஒரே குறிப்பு! அதன் வரிகளில் பெரும்பாலானவை ஒரு ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தவை. ‘சில நேரம் கலகலப்பாக இருப்பீர்கள், சில நேரம் ஒதுங்கி இருப்பீர்கள்’ என்பது போன்ற வரி யாருக்குத்தான் பொருந்தாது? உங்கள் ரிப்போர்ட்டின் பதினோராம் பக்கத்தை இப்போது மறுபடி படித்துப் பாருங்கள்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். அதே முகாமில் ரிப்போர்ட் வாங்கிய தோழிகள் நாலைந்து பேரைக் கூப்பிடுங்கள். பெயரை மறைத்துவிட்டுக் குணக்குறிப்புப் பக்கங்களை மட்டும் கலக்கி வைத்து, அவரவருடையதை எடுக்கச் சொல்லுங்கள். ரேகை உண்மையிலேயே பேசுமானால் தடுமாற்றம் இல்லாமல் எடுக்க வேண்டும். எடுக்க முடியாவிட்டால் அந்தக் கூற்று விழுந்துவிடும். ‘நான் சொல்வது தவறு என்றால் அது எப்படித் தெரியவரும்?’ என்ற கேள்விக்கு அறிவியல் முன்கூட்டியே பதில் வைத்திருக்கும். போலி அறிவியலிடம் அந்தப் பதில் இருக்காது. பொருந்தினால் ‘பார்த்தீர்களா’ என்பார்கள், பொருந்தாவிட்டால் ‘அது உள்ளே ஒளிந்திருக்கும் திறன்’ என்பார்கள். வைத்தீஸ்வரன்கோயிலில் கட்டைவிரல் ரேகை கொடுத்து நாடி பார்க்கிறவர்கள் அதை நம்பிக்கை என்றே சொல்கிறார்கள். அறிவியல் என்று பெயர் சூட்டிப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவந்து விற்பதுதான் எனக்குக் கோபம் தருகிறது.

இந்த ஆலோசனைத் தொழிலுக்கு நான் வந்த புதிதில் என்னிடமும் ஒரு முகவர் வந்தார், ஒரு குழந்தைக்கு இவ்வளவு கமிஷன் என்று. ‘இந்த ரிப்போர்ட் சொன்ன துறையில் போன பிள்ளைகள் பத்து வருடம் கழித்து எப்படி இருக்கிறார்கள், கணக்கு வைத்திருக்கிறீர்களா?’ என்று கேட்டேன். பெற்றோர்கள் எழுதிய பாராட்டுக் கடிதங்களை எடுத்துக் காட்டினார். இது வேண்டாம் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

இப்போது மகளுக்கு. உளவியல் படிக்க ஆசை இருந்தால் தாராளமாகப் படிக்கட்டும், பெரும்பாலான கல்லூரிகளில் எந்த குரூப்பிலிருந்தும் பி.எஸ்சி. உளவியல் சேரலாம். ஆனால் அங்கே புள்ளியியல் இருக்கிறது. திட்ட விலக்கமும் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பது) ஒட்டுறவும் (இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்பது) தெரியாமல் ஓர் ஆய்வுக் கட்டுரையைக்கூடப் படிக்க முடியாது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆக வேண்டுமென்றால் அதற்கு மேலும் பல வருடம் படித்து, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற வேண்டும். எந்தக் கணக்கைத் தவிர்க்கலாம் என்று அந்த ரிப்போர்ட் சொன்னதோ, அது பரிந்துரைத்த துறைக்கே அந்தக் கணக்கு வேண்டும்.

பத்தாம் வகுப்பில் கணக்கில் 81 வாங்கியவள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதுதான் உண்மையான தகவல். அடுத்த சனிக்கிழமை இரண்டு பேரும் வாருங்கள். பிளஸ் ஒன் யூனிட் டெஸ்ட் தாள்களை மட்டும் எடுத்து வாருங்கள், எந்த இடத்தில் தடுக்குகிறது என்று உட்கார்ந்து பார்ப்போம். ரிப்போர்ட் வேண்டாம்.