வாக்குரிமைக்குப் போராடியவருக்கு முதல் தேர்தலில் ஓட்டு இல்லை

கேள்வி: ஜப்பானின் பெண் அரசியல் தலைவர்களில் உங்களைக் கவர்ந்தவர் யார்?

பலரும் தாக்காகோ தோயின் பெயரைச் சொல்வார்கள். 1993-இல் ஜப்பான் நாடாளுமன்றக் கீழவையின் முதல் பெண் சபாநாயகரானவர், தகுதியானவர்தான். ஆனால் என் மனம் அவருக்கு முந்தைய தலைமுறையின் இச்சிகாவா ஃபுசாயேயிடம்தான் போய் நிற்கிறது.

1893-இல் ஐச்சி மாகாணத்தில் ஓர் உழவர் வீட்டில் பிறந்தார். அப்பா அம்மாவை அடிப்பதைப் பார்த்து வளர்ந்தவர். அதே அப்பாதான் பெண்பிள்ளைகளும் படித்தாக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார் என்பது விசித்திரம். ஆசிரியை, பத்திரிகையாளர் என்று சில வேலைகள் பார்த்துவிட்டு தோக்கியோ வந்தார். பெண்கள் அரசியல் கூட்டத்துக்குப் போவதே அப்போது சட்டவிரோதம். பெண்ணியவாதி ஹிராட்சுகா ராய்ச்சோவோடு அவர் தொடங்கிய புதிய பெண்கள் சங்கம் போராடியதால் 1922-இல் அந்தத் தடை நீங்கியது. கட்சியில் சேர்வதற்கான தடை மட்டும் நீடித்தது. 1925-இல் வாக்குரிமை விரிந்தபோதும் அது ஆண்களுக்கு மட்டும்தான்.

"பெண்களுக்கு ஓட்டு கொடுத்தது, போருக்குப் பின் ஜப்பானை நிர்வகித்த அமெரிக்கத் தளபதி மெக்கார்தர்தானே" என்று யாராவது சொன்னால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் சரணடைந்த பத்தே நாளில், 1945 ஆகஸ்டு 25 அன்று, ஃபுசாயே பெண்களைத் திரட்டிக் குழு அமைத்துவிட்டார். மெக்கார்தரின் உத்தரவு வந்தது அக்டோபர் 11. ஜப்பானிய அமைச்சரவை அதற்கு முந்தைய நாளே பெண் வாக்குரிமைக்குச் சம்மதித்திருந்தது.

பெண்கள் முதன்முறை வாக்களித்த 1946 ஏப்ரல் 10 தேர்தலில் 39 பெண்கள் வென்றார்கள். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இதற்காக அலைந்த ஃபுசாயேயால் அன்று வாக்களிக்க முடியவில்லை. வாக்காளர் பட்டியலில் பெயர் விடுபட்டிருந்தது!

அவரைக் கறையற்றவர் என்று நான் சொல்ல மாட்டேன். போர்க்காலத்தில் அரசுக்கு ஆதரவான எழுத்தாளர் அமைப்பு ஒன்றில் இயக்குநராக இருந்தார். அதற்காகவே 1947 முதல் 1950 வரை பொதுப் பதவிகளிலிருந்து விலக்கப்பட்டார். அரசோடு ஒத்துழைத்தால் பெண்களின் குரலுக்கு இடம் கிடைக்கும் என்று அவர் நம்பியிருக்கலாம். அந்தக் கணக்கை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது, ஏற்க முடியவில்லை.

1953-இல் மேலவைக்கு, எந்தக் கட்சியிலும் சேராமல் நின்று வென்றார். 'இலட்சியத் தேர்தல்' என்பது அவர் வழிமுறை: வேட்பாளர் தானாகப் போய் நிற்கக் கூடாது, ஆதரவாளர்கள் கேட்டு நிறுத்த வேண்டும், செலவு மிகக் குறைவாக இருக்க வேண்டும். இன்று கேட்டால் சிரிப்பு வரும். அதே வழியில் மேலும் இரண்டு முறை வென்று, 1971-இல் தோற்றார்.

சரி, வயதாகிவிட்டது என்று அவரே ஒதுங்கப் பார்த்தார். இளைஞர்கள் விடவில்லை. 81 வயதில், 1974-இல், மறுபடி நிற்க வைத்தார்கள். நாடு தழுவிய தொகுதியில் இரண்டாம் இடம் பிடித்தார். அந்தப் பிரசாரத்தை முன்னின்று நடத்திய இளைஞர் நாவோத்தோ கான், 2010-இல் பிரதமரானார். 1980-இல் ஃபுசாயேக்கு வயது 87. சுமார் 27.8 லட்சம் வாக்குகளுடன் அதே தொகுதியில் முதலிடம்! அடுத்த பிப்ரவரியில் இறக்கும்போதும் மேலவை உறுப்பினராகவே இருந்தார்.