ராணி ஜி6

கேள்வி: பாலக்காடு சித்தூர்ல 13 வயசுக்குட்பட்டவங்க செஸ் போட்டி. என் பையன் கிட்ட ராணி இருக்கு, எதிராளி கிட்ட ஒத்தை ராஜா மட்டும்தான். அவன் ரிசைன் பண்ணாம (தோல்வியை ஒத்துக்காம) இழுத்தடிச்சு, ஸ்டேல்மேட் (செக் இல்லாமலே நகர வழியில்லாம போய் ட்ரா) ஆக்கி அரைப் புள்ளியைத் தட்டிட்டுப் போயிட்டான். மலையாளத்துக்காரங்க புத்தியே இப்படித்தானா?
– ஒரு வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: ஸ்டேல்மேட் ஆக்கினது அந்தப் பையன் இல்லீங்க, உங்க பையன்தான். நீங்க அனுப்பின ஸ்கோர்ஷீட்டை, அதான் மூவ் எழுதற தாளை வச்சு நானே ஆடிப் பாத்தேன், 40 மூவ் வரைக்கும் எழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கு, அப்புறம் கை ஓடுது, கடைசில ஒம்பது மூவ் வரிசையா ராணியால செக் செக்னு விரட்டறான், தன்னோட ராஜாவைக் கிட்ட கொண்டு வரவே இல்லை, 61வது மூவ் ராணி ஜி6 கட்டத்துக்கு, கறுப்பு ராஜா மூலைல எச்8 கட்டத்துல, செக்கும் இல்ல நகர இடமும் இல்ல. மூலைல நிக்கிற ராஜாவுக்குக் குதிரை தாவற தூரத்துல ராணியை வச்சா இதான் நடக்கும். ராஜாவும் சேர்ந்து வந்தா எந்த இடத்துல இருந்தும் 10 மூவுக்குள்ள மேட்.

ரிசைன் பண்ணணும்னு விதி எங்கயும் கிடையாது. 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், உலக சாம்பியன்ஷிப் 14வது ஆட்டம், ட்ராதான்னு பெரிய ஆளுங்களே நினைச்ச பொசிஷன்ல குகேஷ் ஒரு சிப்பாய் கூட இருக்குன்னு விடாம ஆடினாரு, 55வது மூவ்ல அப்போதைய சாம்பியன் டிங் லிரன் யானையைத் தப்பா வச்சாரு, 18 வயசுல உலக சாம்பியன். அன்னிக்கு அதை இழுத்தடிச்சதுன்னு நீங்க சொன்னீங்களா? ஒத்தை ராஜாவோட கடைசி வரைக்கும் உக்காந்திருந்த அந்தக் குழந்தையும் அதைத்தான் பண்ணியிருக்கு.

கடைசி வரிதான் எனக்கு ரொம்ப வலிச்சுது. வீட்ல தமிழ், பஸ்ல மலையாளம்னு வாழற ஊருங்க உங்களுது. 2022 மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாட்ல திருச்சூர் நிஹால் சரினும் சென்னை குகேஷும் பிரக்ஞானந்தாவும் ஒரே டீம்ல ஆடித்தான் வெண்கலம் வாங்கினாங்க. இந்த வார்த்தையை உங்க பையன் காதுல போட்டுடாதீங்க, ஷீட்டோட அடில அரைக்கு அரைன்னு அடிச்சுத் திருத்தாம எழுதி, அந்தப் பையன் கையெழுத்துக்குப் பக்கத்துலயே தன் கையெழுத்தையும் போட்டிருக்கான் அவன்.

இன்னிக்கு ராத்திரி சாப்பிட்டதும் பலகையை எடுங்க, ராஜாவும் ராணியும் அவனுக்கு, ஒத்தை ராஜா உங்களுக்கு. அவன் இருபது தடவை தப்பில்லாம மேட் பண்ற வரைக்கும் நீங்க ரிசைன் பண்ணாம உக்காருங்க.