நெடுந்தீவுப் படகில் பன்னிரண்டு பேர்

அன்புள்ள அக்கா,

நான் திருகோணமலை உவர்மலையில் இருக்கிறேன். தனியார் நிறுவனமொன்றில் கணக்கு வேலை. அண்மையில் யூடியூபில் நெடுந்தீவின் மேற்குக் கரையில் ஒரு சின்ன மீனவக் கிராமத்தைப் பார்த்தேன். கல்வேலிகள், பனைகள், கரையில் இரண்டு மூன்று வள்ளங்கள், ஆளரவமே இல்லை. அன்றிலிருந்து மனம் அங்கேயே நிற்கிறது. எங்கள் ஊரில் இனி அமைதியான கடற்கரை என்று ஒன்று இல்லை, உப்புவெளியிலிருந்து நிலாவெளி வரை ஹோட்டல்தான். ஆடி மாதத்தில் நண்பர்கள் பன்னிரண்டு பேர் வான் பிடித்து இரவோடிரவாகப் புறப்பட்டு, காலைப் படகில் ஏறி, குதிரை, பெருக்கமரம், கோட்டை எல்லாம் பார்த்து, அந்தக் கிராமத்தில் ஒரு மணித்தியாலம் சும்மா இருந்துவிட்டுப் பின்னேரப் படகில் திரும்ப யோசித்திருக்கிறோம். ஒரு நாள் போதுமா? இல்லையென்றால் கரையில் கூடாரம் அடிக்கலாமா? ட்ரோன் பறக்கவிடலாமா? அந்தத் தீவைப் பற்றி நீங்கள் முன்பு எழுதியிருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன். அங்கே ஒன்றுமே இல்லை என்று வீட்டில் சொல்கிறார்கள். ஒன்றுமே இல்லாத ஒரு இடம்தான் எனக்கு வேண்டும்.

க., உவர்மலை

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த அதே கிழமை நெடுந்தீவிலிருந்து என் பெரியம்மா போன் எடுத்திருந்தார். அவர் திருகோணமலையில் பிறந்து, நெடுந்தீவில் வாழ்க்கைப்பட்டு, அங்கேயே பள்ளிக்கூடத்தில் படிப்பித்து, பிள்ளைகள் எல்லாம் வெளிநாடு போன பிறகும் அந்தக் கல்வேலிக்குள்ளேயே இருப்பவர். கண் கிளினிக்குக்காக யாழ்ப்பாணம் போயிருக்கிறார். முடிய நேரமாகிவிட்டதால் சொந்தக்காரர் வீட்டில் தங்கி, மறுநாள் சனிக்கிழமை காலையில் நெடுந்தீவுக்குப் படகு ஏறுகிற குறிகட்டுவானுக்கு வந்தால், ஜெற்றியில் மூன்று வான் நிறைய ஆட்கள் அவருக்கு முன்னால் நிற்கிறார்கள். தொப்பி, ஸ்பீக்கர், சாப்பாட்டுப் பெட்டி. படகு நிறைந்துவிட்டது. கண்ணில் மருந்து விட்ட மனுஷி, தன் சொந்த வீட்டுக்குப் போக முடியாமல், அடுத்த படகு வரும்வரை வெயிலில் இருந்திருக்கிறார். அவர் இதை முறைப்பாடாகச் சொல்லவில்லை. "பாவம், பிள்ளைகள் எங்கெங்கேயோ இருந்து ஆசையாக வந்திருக்குதுகள்" என்றுதான் சொன்னார். எனக்குத்தான் அன்று நித்திரை வரவில்லை. அதற்குள் உங்கள் பன்னிரண்டு பேர் கடிதம். ஆகவே கொஞ்சம் கோபமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள், உங்கள் மேல் அன்பில்லாமல் இல்லை.

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். ட்ரோன் வேண்டாம். இந்த நாட்டில் அதற்கு அனுமதி எடுக்க வேண்டும், அனுமதி இருந்தாலும் கிணற்றடியில் குளிக்கிற பெண்களுக்கு மேலே எதற்கு? கூடாரமும் வேண்டாம், ஆட்கள் இருக்கிற ஊரில் வீடு கேட்டுத் தங்குவதுதான் மரியாதை. குதிரையும் பெருக்கமரமும் ஓடிப்போகாது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் கொண்டுவந்த குதிரைகளின் வழி வந்தவை என்று சொல்வார்கள், 2015இல் அவை மேயும் பகுதியைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள், வறட்சி வந்தால் தண்ணீரில்லாமல் சாகின்றன. படம் எடுங்கள், துரத்தாதீர்கள். அவ்வளவுதான்.

ஆடி மாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். இது திருகோணமலைக்காரர் எல்லோரும் நினைப்பது. நம் கடல் ஆடியில் குளம் போலக் கிடக்கும், நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் கூட அப்போது இங்கே வந்துதான் வாடி அடிப்பார்கள். ஆனால் நெடுந்தீவு இருப்பது பாக்கு நீரிணையில். ஆனி, ஆடியில் அங்கே சோளகம், தென்மேற்குக் காற்று. நமக்குத் தரைப்பக்கமிருந்து வீசுகிற அதே காற்று அவர்களுக்குக் கடலைக் கிளப்பிவிடும். குறிகட்டுவானிலிருந்து ஒரு மணித்தியாலம் அளவிலான ஓட்டம், அந்த நாட்களில் அது உப்புத்தண்ணீரில் நனைந்துகொண்டு கம்பியைப் பிடித்திருக்கிற ஒரு மணித்தியாலம். காற்றுக் கூடினால் படகே ஓடாது. உங்களுக்கு அது ஒரு நாள் லீவு போனது. அங்கே இருப்பவர்களுக்கு மரக்கறி வராது, காஸ் வராது, பரீட்சைக்குப் போக வேண்டிய பிள்ளை போகாது.

சரி, படகுக்கு வருகிறேன். எனக்குச் சொல்ல வேண்டியது இதுதான், மற்றதெல்லாம் நீங்கள் கூகுளில் பார்க்கலாம்.

அந்தப் படகை நீங்கள் சுற்றுலாவின் ஒரு பகுதியாகப் பார்க்கிறீர்கள். கடல், காற்று, ஒரு வீடியோ. ஆனால் அது அந்த ஊரின் பஸ். அதைவிடவும் மேல், ஏனென்றால் பஸ் தவறினால் ஓட்டோ இருக்கிறது, நடக்கலாம், யாருடையாவது மோட்டர் சைக்கிளில் ஏறலாம். கிட்டத்தட்ட 50 சதுர கிலோமீற்றர் தீவு, அதற்குள் பள்ளிக்கூடமும் பிரதேச செயலகமும் ஆஸ்பத்திரியும் இருந்தாலும், பெரிய வருத்தம் என்றால், பெரிய கோர்ட் வேலை என்றால், மேல்படிப்பு என்றால், கல்யாணத்துக்கு நகை எடுப்பதென்றால், எல்லாம் அந்தப் படகில்தான். ஆசிரியர்கள் அதில் வருகிறார்கள். தபால் அதில் வருகிறது. செத்தவர்களின் உடலும் அதில்தான் ஊர் திரும்புகிறது. அப்படிப்பட்ட ஒன்றில் பன்னிரண்டு இடத்தை, அதுவும் ஒரு மணித்தியாலம் சும்மா இருப்பதற்காக, நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள். காலையில் போகும்போது பன்னிரண்டு, பின்னேரம் திரும்பும்போது பன்னிரண்டு. உங்களைப் போல இன்னும் நாலு வான். காசு கொடுத்துத்தானே ஏறுகிறோம், வரிசையில்தானே நிற்கிறோம் என்று சொல்வீர்கள். சொல்லலாம். ஆனால் ஊர்ச் சனத்துக்கு வேறு வழி இல்லை, உங்களுக்கு வேறு கிழமை இருக்கிறது.

அந்த ஊர் தன் படகுக்காக என்ன விலை கொடுத்தது என்றும் தெரிந்துகொண்டு ஏறுங்கள். 1985 மே 15ஆம் திகதி, நெடுந்தீவு மாவிலித்துறையிலிருந்து புறப்பட்ட குமுதினி என்ற படகை நடுக்கடலில் மறித்து, உள்ளே இருந்தவர்களைக் கைக்குழந்தை என்றும் பாராமல் வெட்டிக் கொன்றார்கள். வந்தவர்கள் கடற்படையினர் என்று தப்பியவர்கள் சாட்சி சொன்னார்கள். அதில் இருந்தவர்கள் வேலைக்கும் சந்தைக்கும் உறவுக்காரர் வீட்டுக்கும் போய்க்கொண்டிருந்த சனம். பிறகு அதே குமுதினியைத் திருத்தி மறுபடி ஓட்டினார்கள். அதே படகில், அதே சனம், அதே வழியில் மறுபடி ஏறியது. வேறு என்ன செய்ய? நான் சின்னப் பிள்ளையாகப் பெரியம்மாவோடு அதில் போயிருக்கிறேன். ஏறும்போது அவர் படகின் விளிம்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். ஏன் என்று எனக்கு அப்போது யாரும் சொல்லவில்லை.

இதெல்லாம் எங்கேயோ வடக்கில் நடக்கிற கதை என்று நினைக்காதீர்கள். உவர்மலையில் இருக்கிற உங்களுக்குப் படகு விளங்காமல் போனதுதான் எனக்குப் பெரிய கவலை. உங்கள் வயதுக்குக் கிண்ணியாப் பாலம்தான் தெரியும். 396 மீற்றர், 2009இல் திறந்தது. அதற்கு முன் கிண்ணியாவுக்குப் பாதையில், அதாவது ஆட்களை ஏற்றிக் கடத்துகிற மிதவையில்தான் கடந்தோம், மூதூருக்கு லோஞ்சில்தான் கொட்டியாரக்குடாவைக் கடந்தோம். அப்பா மூதூரில் வேலை பார்த்த காலத்தில் நாங்கள் அந்த லோஞ்சில் போய்வந்தோம். ஒரு லோஞ்ச்காரர் இருந்தார், கட்டையான மனுஷன், வாயில் எந்நேரமும் வெற்றிலை. அவர் யாரையும் வரிசைப்படி ஏற்றமாட்டார். முதலில் கையில் கிளினிக் துண்டு வைத்திருப்பவர்கள், பிறகு பள்ளிக்கூட உடுப்புப் போட்ட பிள்ளைகள், பிறகு பிள்ளைத்தாய்ச்சிகள், பிறகு மீன் பெட்டி, அதற்குப் பிறகுதான் எங்களைப் போல மற்றவர்கள். ஒருநாள் மாதிரியாக உடுத்திய ஐந்தாறு பெடியன்கள், கடலைப் பார்க்கக் கொழும்பிலிருந்து வந்தவர்கள், முன்னாலேயே ஏறி இருந்துவிட்டார்கள். அவர் ஒன்றும் சத்தம் போடவில்லை. இன்ஜினை நிற்பாட்டிவிட்டுக் கரையில் போய் இருந்து வெற்றிலை மடிக்கத் தொடங்கிவிட்டார். கரையில் ஒரு கிழவி ஆஸ்பத்திரிப் பையோடு நின்றுகொண்டிருந்தார். பெடியன்களுக்கு விளங்க நேரம் எடுத்தது, ஆனால் விளங்கிவிட்டது, இறங்கினார்கள். அந்த மனுஷனுக்கு இருந்த சட்டம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதை மறுபடி எல்லா இறங்குதுறையிலும் கொண்டுவர வேண்டும் என்று நான் எழுதிக்கொண்டே இருக்கிறேன், இன்னும் எழுதுவேன்.

2021 நவம்பர் 23ஐயாவது நினைவிருக்கும். குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டி முடியவில்லை, சனம் பாதையில் கடந்தது, காலையில் பள்ளிக்கூடம் போன பிள்ளைகளோடு அது கவிழ்ந்தது. நம் மாவட்டம், நம் பிள்ளைகள். தண்ணீரைக் கடந்துதான் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போக வேண்டும் என்றிருக்கும் சனத்துக்குப் படகில் ஒரு இடம் என்றால் என்ன என்று அன்றைக்குக் கிண்ணியா ஆஸ்பத்திரி வாசலில் நின்ற யாரையும் கேட்டுப்பாருங்கள். ஆபத்தென்று தெரிந்தும் ஏறுவார்கள், ஏனென்றால் ஏறாமல் இருக்க முடியாது.

அப்புறம், அந்தக் கடைசி வரி. ஒன்றுமே இல்லாத இடம் வேண்டும் என்கிறீர்கள். தம்பி, இதை ஒரு திருகோணமலைப் பிள்ளை எழுதக்கூடாது. 2002இல் சமாதானம் என்று பாதை திறந்தபோது நிலாவெளியையும் குச்சவெளியையும் பார்க்க வந்தவர்கள், கைபடாத கடற்கரை என்று எழுதினார்கள். அந்தக் கரையில் கைபட்டு வாழ்ந்த சனத்தில் எத்தனையோ பேர் அப்போது முகாம்களில் இருந்தார்கள். நீங்கள் வீடியோவில் பார்த்த அந்த ஆளரவமில்லாத கரையும் அப்படித்தான் உண்டானது. கல்வேலிக்குள் பூட்டிய வீடுகள் இருக்கின்றன, அவர்கள் வன்னிக்கும் கொழும்புக்கும் கனடாவுக்கும் போனவர்கள். மீதி இருப்பவர்களும் சில இரவுகளில் வலை போடுவதில்லை. திங்கள், புதன், சனி என்று தமிழ்நாட்டு இழுவைப் படகுகள் வருகிற இரவுகளில் வலையைக் கடலில் விட்டால் காலையில் வலை இருக்காது, லட்சக்கணக்கில் கடன் மட்டும் இருக்கும். வள்ளம் ஏன் கரையில் ஏறிக் கிடக்கிறது என்று அந்த வீடியோவில் யாராவது கேட்டார்களா? அங்கும் மீன்பிடிப்பவர்கள் தமிழர், இங்கும் தமிழர் என்பதால் நாம் இதைப் பேசாமல் விடுகிறோம். நெடுந்தீவுக்காரனின் வலைக்கு அந்த உறவு உதவவில்லை.

உங்களைப் போக வேண்டாம் என்று தடுப்பதாக நினைக்காதீர்கள். போங்கள். ஓய்வு வேண்டுமென்று ஒரு பிள்ளை கேட்கும்போது இல்லை என்று சொல்ல எனக்கு மனமில்லை, கணக்கு வேலையின் களைப்பு எனக்குத் தெரியும். ஆடியில் வேண்டாம். சித்திரை வருஷப்பிறப்பு முடிந்த பிறகு, வைகாசி பிறக்கிற அளவில் போங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தமிழ்நாட்டு இழுவைப் படகுகளுக்கு 61 நாள் தடைக்காலம், சோளகமும் அப்போது சரியாகத் தொடங்கியிருக்காது. அந்த நாட்களில் நெடுந்தீவுக் கரை ஆளில்லாமல் கிடக்காது. விடியற்காலையில் வள்ளங்கள் வரும், பெண்கள் வலையிலிருந்து மீன் கழற்றுவார்கள், நாய்கள் சண்டை பிடிக்கும், விலை பேசுகிற சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தில் உங்கள் களைப்பு போகவில்லை என்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.

பன்னிரண்டு பேர் வேண்டாம், நாலு பேர் போதும். சனி ஞாயிறை ஊர்ச் சனத்துக்கு விட்டுவிட்டு, கிழமை நாளில் போங்கள். ஜெற்றியில் யாராவது கிளினிக் துண்டோடு நின்றால் நீங்கள் அடுத்த படகில் ஏறுங்கள். பின்னேரமே திரும்ப வேண்டாம், இரண்டு இரவு தங்குங்கள், சாப்பாட்டுக்கும் அறைக்கும் அங்கேயே காசு கொடுங்கள். வெயில் கடுமையாக இருக்கும், நல்ல தண்ணீர் கிடைப்பது கஷ்டம், ஆகவே குடிக்கிற தண்ணீரைக் கொண்டுபோய், வெறும் போத்தலைத் திருப்பிக் கொண்டுவாருங்கள்.

பெரியம்மாவிடம் கேட்டுவிட்டேன். முற்றத்துப் பக்க அறை சும்மா கிடக்கிறதாம், நாலு பேர் படுக்கலாம் என்கிறார். அவரது நம்பரைத் தனியாக அனுப்புகிறேன், பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு எடுங்கள். ஒடியல் கூழ் வேண்டுமென்றால் முதல்நாளே சொல்ல வேண்டும், மீன் என்ன வருகிறதோ அதுதான்.