ரசிகர்கள் சேர்ந்து உருவாக்கிய வியூக விளையாட்டுகளில் உங்களுக்கு மிகவும் பிடித்த பறக்கும் வில்லாளி யார்? ஏன்?

டிரேக் கிளைடர். ‘பேட்டில் ஃபார் வெஸ்னாத்’ விளையாட்டில், டிராகன் போன்ற டிரேக்குகளின் படையில் வருவது. கையில் வில் கிடையாது, வாயிலிருந்து நெருப்புதான். ஆனாலும் பறந்து போய், கைகலக்காமல், குறிபார்த்து அடிப்பதால் என் கணக்கில் அதுவும் வில்லாளிதான். ஒத்துக்கொள்ளாதவர்கள் அடுத்த பதிலுக்குப் போகலாம்.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 2003இல் டேவிட் வைட் தொடங்கியது. அதன்பிறகு உலகம் முழுக்க இருக்கும் ஆர்வலர்கள் சேர்ந்து வளர்த்தது. இலவசம், மூல நிரலும் திறந்தே இருக்கிறது. அறுகோணக் கட்டங்கள் போட்ட மேப்பில் மாறி மாறி ஆட வேண்டும். ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு பேர் ஆடலாம் என்பதுதான் எங்களுக்குப் பெரிய வசதி. நான் பாளையங்கோட்டை, மாமா மகன் அம்பாசமுத்திரம். சாரல் நாட்களில் அவன் வீட்டுக்குப் போனால் வெளியே எங்கேயும் போக முடியாது, இதுதான் ஓடும். அவன் எப்போதும் குள்ளர் படை, நான் டிரேக்.

முதன்முதலில் நான் கிளைடர் எடுத்ததைப் பார்த்துவிட்டு அவன் சொன்னது: “என்னல மாப்ள, 16 கோல்டு குடுத்துக் கொசு வாங்கியிருக்க?”

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. கிளைடரின் நெருப்பு ஒரு அடிக்கு 3 டேமேஜ், மூன்று அடி. அவ்வளவுதான். அதே படையில் இருக்கும் பர்னர் ஒரு அடிக்கு 6, நான்கு அடி. 21 கோல்டு ஆகும், ஆனால் காசுக்கு ஏற்ற வலு. காகிதத்தில் பார்த்தால் கிளைடரை யாரும் தொடமாட்டார்கள்.

விஷயம் இருப்பது ‘மார்க்ஸ்மேன்’ என்ற திறனில். எதிரி எப்பேர்ப்பட்ட மறைவில் நின்றாலும், நாம் போய்த் தாக்கும்போது அடி விழும் வாய்ப்பு 60 சதவீதத்துக்குக் கீழே இறங்காது. குள்ளர்கள் மலையில் ஏறி நின்றுவிட்டால் சாதாரணத் தாக்குதலுக்கு அந்த வாய்ப்பு வெறும் 30. அங்கே பர்னரின் நான்கு அடியுமே வீணாகப் போக 24 சதவீத வாய்ப்பு உண்டு. கிளைடரின் மூன்றும் வீணாகப் போவதற்கு ஆறரை சதவீதம்கூடக் கிடையாது. சராசரி டேமேஜ் பார்த்தால் மலையிலும் பர்னருக்குத்தான் கூடுதல், அதை மறைக்கவில்லை. ஆனால் பகலில், 3 உயிர்ப்புள்ளி மட்டும் மிச்சமிருக்க மலையில் தொங்கிக்கொண்டிருக்கும் ஒரு குள்ளனை முடித்துவைக்க எனக்குச் சராசரி எதற்கு? ஒரு அடி விழுந்தால் போதும். கொல்லுகிறவருக்குத்தான் அனுபவப் புள்ளியும் கூடுதல். லெவல் 1 எதிரிக்கு 8.

அந்த இடத்துக்குப் போய்ச் சேர்வதும் முக்கியம். கிளைடருக்கு ஒரு டர்னில் 8 நகர்வு, பர்னருக்கு 5. ஆறு, மலை எதுவும் அதைப் பெரிதாகத் தடுக்காது. அடிபட்டவன் பின்வாங்கி ஒரு ஊருக்குள் புகுந்து டர்னுக்கு 8 உயிர் ஏற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பான் இல்லையா, அங்கே இது போய் நிற்கும். குறுக்குத்துறையில் ஆற்றுக்கு மேலே அந்தரத்தில் சிறகடித்து நின்று சட்டென்று விழும் கருப்பு வெள்ளை மீன்கொத்தியைப் பார்த்திருப்பீர்கள், அதேதான். ஒரே சங்கடம், எதிரிக்குப் பக்கத்துக் கட்டத்தில் கால் வைத்தால் நகர்வு அங்கேயே நின்றுவிடும். வரிசையில் ஓட்டை இருக்கும் பக்கமாகச் சுற்றித்தான் போக வேண்டும்.

யாரை எதால் அடிப்பது என்பதிலும் ஒரு ருசி இருக்கிறது. குள்ளர் ஃபைட்டரிடம் கோடரியும் சுத்தியலும்தான், தூரத்துத் தாக்குதல் கிடையாது. நெருப்பு ஊதினால் திருப்பி அடிக்கவே முடியாது. மரமனிதர்களான வோஸ்களும் அப்படித்தான், போதாததற்கு அவர்களுக்கு நெருப்பு ஒன்றரை மடங்கு சுடும். குள்ளர் படையின் துப்பாக்கிக்காரனான தண்டரரிடம் மட்டும் ஊதாதீர்கள். அவன் துப்பாக்கி ஒரே குண்டு, 18 டேமேஜ். குத்தும் வகைத் தாக்குதல் டிரேக்குகளுக்கு ஆகவே ஆகாது. அவனை உடம்பால் மோதுவதே மேல், பதிலுக்குக் கத்திக்கீறல் மட்டும்தான் கிடைக்கும். மந்திரவாதியான டார்க் அடெப்டும் அதே ரகம்தான். உடம்பால் மோதினால் அவனால் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் அவன் முறை வரும்போது குளிர் மந்திரம் போடுவான், டிரேக்குக்குக் குளிர் பரம எதிரி. முடிக்க முடியாது என்று தெரிந்தால் கிட்டப் போகாமல் இருப்பது நல்லது.

அதற்காக மூன்று நான்கு கிளைடர் வாங்கிக் குவிக்காதீர்கள். ஒரு படைக்கு ஒன்று, மேப் பெரிதாக இருந்தால் இரண்டு. இரவில் டிரேக்குகளின் டேமேஜ் கால் பங்கு குறையும், அப்போது ஊர் பிடிக்க அனுப்பிவிடுவேன்.

மச்சான் இப்போது கொசு என்று சொல்வதில்லை. அடிபட்ட ஃபைட்டரைப் பின்னால் அனுப்பும்போது காவலுக்கு ஒரு தண்டரரையும் கூட அனுப்புகிறான். முன்வரிசையில் ஒரு துப்பாக்கி குறைகிறது. அந்தப் பக்கம் நான் கிளாஷரை இறக்கிவிடுகிறேன். டிரேக்குகளில் பறக்கத் தெரியாதது அது ஒன்றுதான், ஆனால் குத்தை மற்றவர்களைவிட நன்றாகத் தாங்கும்.