வீட்டில் வேலை பார்க்க ஒரு லேப்டாப் டாக் போதுமா?
வேளச்சேரி வீட்டிலிருந்து வேலை, இரண்டு மானிட்டர், ரிச்சி தெருவில் ஒரு டாக் (லேப்டாப்பின் ஒரே போர்ட்டில் மானிட்டர், லேன் எல்லாவற்றையும் இணைக்கும் பெட்டி) வாங்கினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதும். ஆனால் கடைக்குக் கிளம்பும் முன் லேப்டாப்பின் யூஎஸ்பி-சி போர்ட்டைப் பாருங்கள். எல்லா சி போர்ட்டும் படம் அனுப்பாது; சிலவற்றில் டேட்டா மட்டும்தான். பக்கத்தில் மின்னல் குறி இருந்தால் பெரும்பாலும் தண்டர்போல்ட், அதாவது படமும் அனுப்பும் வேகமான போர்ட், கவலையில்லை. இல்லையென்றால் மாடல் எண்ணைத் தேடி, டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட் (சி போர்ட் வழியே படம் அனுப்பும் வசதி) உண்டா என்று பார்த்துவிடுங்கள்.

மேக்புக் என்றால் தனித் தலைவலி. சாதாரண யூஎஸ்பி-சி டாக்கில் இரண்டு மானிட்டர் மாட்டினாலும் இரண்டிலும் ஒரே படம்தான் வரும். எம்1, எம்2 சிப் உள்ள மேக்புக் ஏர் வெளியே ஒரு மானிட்டரைத்தான் தாங்கும். அதில் இரண்டு மானிட்டர் வேண்டுமென்றால் டிஸ்ப்ளேலிங்க் (படத்தை யூஎஸ்பி டேட்டாவாக அனுப்பும் முறை) சிப் உள்ள டாக் ஒரு வழி. அதற்கான டிரைவர் மென்பொருளும் போட வேண்டும். ஆபீஸ் லேப்டாப் என்றால் ஐடி ஆட்களிடம் முதலில் கேளுங்கள்.

மலிவான டாக் பலவற்றில் 4கே படம் 30 ஹெர்ட்ஸில்தான், அதாவது வினாடிக்கு 30 முறை மட்டுமே மாறி ஓடும். மவுஸ் அம்பு விட்டு விட்டு நகரும், எக்செல் ஷீட்டை உருட்டும்போது எரிச்சலாகிவிடும். 60 ஹெர்ட்ஸ் என்று பெட்டியில் போட்டிருக்கிறதா பாருங்கள், கடைக்காரர் வாய்வார்த்தை போதாது.

அப்புறம் நம்ம ஊர் கரண்ட். கட் ஆனால் லேப்டாப் பேட்டரியில் ஓடும். தனி அடாப்டரில் ஓடும் டாக் அணைந்துவிடும், அதன் வழியே வரும் லேன் (கம்பிவழி இணைய) இணைப்பும் போய்விடும். மீட்டிங் பாதியில் நிற்கும். டாக், மானிட்டர், ரவுட்டர் மூன்றையும் யூபிஎஸ்ஸில் போடுங்கள். மே மாத வெயிலில் டாக் தொட்டால் சுடும், அது சகஜம். ஃபைல்களுக்கு அடியில் தள்ளாமல் காற்றுப்படும்படி வைத்தால் சரி.