கேள்வி: ஏஐ வந்துவிட்டதே, என் தம்பி வக்கீல் குமாஸ்தாவாகச் சேரலாமா?

சேரலாம். ஆனால் ஏஐயைப் பற்றிக் கவலைப்படும் முன் சம்பளம் என்ன என்று கேட்கச் சொல்லுங்கள். நான் சேலத்தில் 22 வருஷமாகக் குமாஸ்தா. படிப்பு பிளஸ் டூதான். 'உனக்கு இதில் என்ன தெரியும்' என்று கேட்க நினைப்பவர்கள் முழுதும் படித்துவிட்டுக் கேட்கவும்.

போன வருஷம் ஏற்காட்டுக் காப்பித் தோட்டம் ஒன்றின் பாதை வழக்கு. பக்கத்துத் தோட்டக்காரர் கம்பிவேலி போட்டு வழியை அடைத்துவிட்டார். 20 வருஷம் தடையில்லாமல் நடந்த பாதை என்றால் 1882 வசதியுரிமைச் சட்டப்படி உரிமை கேட்கலாம். இடைக்காலத் தடை மனுவுக்கான வாதக்குறிப்பை எங்கள் ஜூனியர் சார் சாட்ஜிபிடியிடம் எழுதி வாங்கிவிட்டார். பொய் சொல்ல மாட்டேன், அழகாகத்தான் இருந்தது. நான் டைப் அடித்தால் அரை நாள் ஆகும். கடைசியில் நாலு தீர்ப்புகள், எம்.எல்.ஜே. (மெட்ராஸ் லா ஜர்னல் என்ற தீர்ப்புத் தொகுப்பு) வால்யூம், பக்க எண்ணோடு.

தீர்ப்புகளின் ஜெராக்ஸை இணைப்பது என் வேலை. லைப்ரரியில் வால்யூமைப் பிரித்தால் அந்தப் பக்கத்தில் ஏதோ வாடகை வழக்கு. சரி, எண் மாறியிருக்கும் என்று முன்னும் பின்னும் புரட்டினேன். இல்லை. இரண்டாவதுக்கு வால்யூமிலேயே அத்தனை பக்கம் கிடையாது. மூன்றாவதும் அப்படித்தான். நாலாவது மட்டும் நிஜம். அதுவும் நமக்கு எதிரான தீர்ப்பு!

நியூயார்க்கில் 2023-ல் இப்படி இல்லாத ஆறு தீர்ப்புகளைக் காட்டிய வக்கீல்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்த கதையைச் சீனியர் அன்றுதான் சொன்னார். தீர்ப்பு எழுத ஏஐயைத் தொடக்கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2025-ல் கீழ்க்கோர்ட்டுகளுக்குச் சொல்லியிருக்கிறதாம்.

ஜூனியர் சாரைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். நல்ல மனிதர். பத்திரங்களை இங்கிலீஷில் மாற்ற இப்போதும் சாட்ஜிபிடியைத்தான் கேட்கிறார், எனக்கும் வேலை மிச்சம். ஒரு பழைய கிரயப் பத்திரத்தில் 'செக்குபந்தி' என்று நாலு எல்லையைச் சொல்லியிருந்ததை அது எண்ணெய்ச் செக்கு ஆக்கிவிட்டது. நான் பார்த்துத் திருத்தினேன்.

ஏற்காட்டு மனுவில் நாங்கள் கேட்ட தடை உத்தரவு கிடைத்தது. கட்சிக்காரர் மலையிலிருந்து மிளகு கொண்டு வந்தார். சீனியருக்கு ஒரு கிலோ, ஜூனியருக்கு அரைக் கிலோ. என்னிடம், "குமாஸ்தா, புது பஸ் ஸ்டாண்டுக்கு எந்த பஸ்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.